ஓய்வுக்குப் பின் வீட்டுக் கணினிக்கு ஆபிஸ் மென்பொருள்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

லேப்டாப் வாங்கிய பில்லை முதலில் எடுங்கள். கடந்த சில வருடங்களாக நம் ஊர்க் கடைகளில் விற்கும் லேப்டாப்களில் பலவற்றோடு ‘ஆபிஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021’ அல்லது ‘ஆபிஸ் ஹோம் 2024’ விலையிலேயே சேர்ந்து வருகிறது. அது இருப்பது தெரியாமல் மறுபடி பணம் கட்டுகிறவர்கள் உண்டு. பில் தொலைந்திருந்தால் வேர்டைத் திறந்து ‘ஃபைல்’, ‘அக்கவுண்ட்’ போங்கள். ‘ப்ராடக்ட் ஆக்டிவேட்டட்’ என்று இருந்தால் பெரும்பாலும் அது உங்களுடையது, வேறு எதுவும் வாங்க வேண்டாம். ‘சப்ஸ்கிரிப்ஷன்’ என்று இருந்தால் அது சந்தா. பெரும்பாலும் ஒரு மாத இலவசக் கெடு.

கூடவே வரும் ஆபிஸ் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கட்டப்படுகிறது. கடையில் லேப்டாப்பைத் தயார் செய்து கொடுப்பவர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைப் போட்டு ஆக்டிவேட் செய்துவிட்டால் உரிமமும் அவர் கணக்குக்கே போய்விடும். பிறகு விண்டோஸை அழித்துப் போடும்போது ஆபிஸ் திரும்பி வராது. உங்கள் மின்னஞ்சலில்தான் ஆக்டிவேட் செய்யச் சொல்ல வேண்டும். எந்த மின்னஞ்சல் என்பதைப் பில்லின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஆக்டிவேட் செய்வதைத் தள்ளிப்போடவும் கூடாது. அந்தச் சலுகைக்குக் கால வரம்பு உண்டு.

பழைய கணினியில் ஆபிஸ் 2016 அல்லது 2019 இருந்தால் அது இன்னும் ஓடும். ஆனால் 2025 அக்டோபர் 14க்குப் பிறகு அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாது. 2021 பதிப்புக்கும் 2026 அக்டோபர் 13தான் கெடு. கடிதம் தட்டச்சு செய்து பிரின்ட் எடுக்க மட்டும் என்றால் உடனே ஆபத்து இல்லை. மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிற கோப்புகளைத் திறப்பதும், அதே கணினியில் நெட்பேங்கிங் பார்ப்பதும்தான் வம்பு. அப்படிப் பயன்படுத்துகிறவர்கள் மாறியாக வேண்டும்.

எதற்கு மாறுவது என்ற கேள்விக்கு விலைப் பட்டியலில் பதில் கிடைக்காது. உங்கள் பழைய கோப்புகளிடம்தான் கிடைக்கும். அதிலும் தமிழ்க் கோப்புகள்.

ஐந்து கோப்புச் சோதனை

நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் ஐந்து கோப்புகளை ஒரு தனி ஃபோல்டரில் நகல் எடுங்கள். ஒரு பழைய தமிழ்க் கடிதம். கட்டம் போட்ட ஒரு ஆவணம் (சங்கத் தீர்மானமோ மருத்துவச் செலவுப் பட்டியலோ). நீங்கள் கணக்கு வைக்கும் எக்செல் தாள். பிறர் அனுப்பிய ஒரு வேர்டு கோப்பு. வங்கியிலிருந்து இறக்கிய ஒரு ஸ்டேட்மென்ட். இவை ஐந்தும் எந்த மென்பொருளில் ஒழுங்காகத் திறக்கின்றனவோ அதுவே உங்களுக்கானது. பக்க எண்ணிக்கை மாறியதா, கட்டத்தின் கோடுகள் நின்றனவா, கூட்டல் தொகை பழையபடியே வருகிறதா என்று மூன்றை மட்டும் பாருங்கள். பிறகு ஒரு பக்கமாவது பிரின்ட் எடுங்கள். திரையில் சரியாகத் தெரிவது தாளில் நகர்ந்து போவதுண்டு.

இந்தச் சோதனையை, வேர்டு, எக்செலுக்கு மாற்றான லிப்ரேஆபிஸில் தொடங்குவதே சரி. செலவு இல்லை, இணையம் இல்லாமலும் ஓடும், இருக்கும் மைக்ரோசாஃப்ட் ஆபிஸோடு ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். ஓபன்ஆபிஸ் திட்டத்திலிருந்து 2010இல் பிரிந்து வந்தது. டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை நடத்துகிறது. பழைய பழக்கத்தில் அப்பாச்சி ஓபன்ஆபிஸையே தேடிப் போடாதீர்கள். அது டாக்எக்ஸ் (வேர்டின் இன்றைய கோப்பு வடிவம்) கோப்பைத் திறக்கும், ஆனால் அந்த வடிவில் சேமிக்காது. திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

இறக்குவதும் நிறுவுவதும்

லிப்ரேஆபிஸ் டாட் ஆர்க் என்ற முகவரியை உலாவியின் மேல்பட்டையில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தேடினால் முதலில் வருவது விளம்பரமாகவும் இருக்கலாம், அதில் போலித் தளமும் இருக்கலாம். டவுன்லோடு பொத்தானை அழுத்தியதும் நன்கொடை கேட்கும் பக்கம் வரும். பணம் கட்டினால்தான் கிடைக்கும் என்று நினைத்துப் பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். நன்கொடை உங்கள் விருப்பம்; கோப்பு பின்னணியில் இறங்கிக்கொண்டிருக்கும். அளவு சுமார் 350 எம்பி. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இதையே விலைக்கு வைத்திருக்கிறார்கள், அங்கே போக வேண்டியதில்லை.

விண்டோஸ் 10, 11க்கு ‘64-பிட்’ பதிப்பு. 4 ஜிபி ரேம் போதும். விண்டோஸ் 7, 8 இன்னும் வைத்திருப்பவர்களுக்கு 2025 ஆகஸ்டில் வந்த 25.8 பதிப்பு முதல் இடமில்லை. அதற்கு முந்தைய 25.2தான் கடைசி. அப்படிப்பட்ட பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் லிப்ரேஆபிஸ் அதிலேயே வந்துவிடும்.

நிறுவும்போது ‘கஸ்டம்’ தேர்ந்தால் மெனுக்களைத் தமிழிலேயே காட்டும் மொழித்தொகுப்பைச் சேர்க்கலாம். ஆனால் பிள்ளைகள் தொலைபேசியில் வழிகாட்டுவது ‘ஃபைல் போங்க, ஆப்ஷன்ஸ் போங்க’ என்று ஆங்கில மெனுவை வைத்துத்தான். உதவிக்கு யாரையாவது கேட்கும் வழக்கம் இருந்தால் ஆங்கிலத்திலேயே விடுவது வசதி.

நிறுவியதும் நான்கு மாற்றங்கள். ‘வியூ’வில் ‘யூசர் இன்டர்ஃபேஸ்’ போய் ‘டேப்ட்’ தேர்ந்தால் வேர்டைப் போன்ற மேல்பட்டை வரும். ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘வியூ’வில் ஐகான் அளவை ‘லார்ஜ்’ ஆக்குங்கள், கண்ணுக்கு நிம்மதி. அதே ஆப்ஷன்ஸில் ‘லோட்/சேவ்’, ‘ஜெனரல்’ பக்கத்தில், கோப்பை எப்போதும் வேர்டு 2010-365 வடிவில் சேமிக்கச் சொல்லலாம். இல்லாவிட்டால் ஓடிடி என்ற வடிவில் சேமிக்கும். அதை வாட்ஸ்அப்பில் பெறுகிறவர் கைபேசியில் திறக்க முடியாமல் உங்களையே திரும்பக் கேட்பார். நான்காவதும் அதே பக்கத்தில்தான்: தானியங்கிச் சேமிப்பு 10 நிமிடம் என்றிருப்பதை 3 ஆக்குங்கள். நம் மின்வெட்டுக்கு 10 நிமிடம் அதிகம்.

தமிழ்

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ‘இந்த இலவச சாஃப்ட்வேர் தமிழுக்கு ஒத்துவராது’ என்று கைவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் மென்பொருளுடையது அல்ல.

லிப்ரேஆபிஸ் ஒவ்வொரு பத்திக்கும் இரண்டு ஃபான்ட் கணக்கு வைத்திருக்கிறது: ஆங்கிலம் போன்றவற்றுக்கு ஒன்று, தமிழ் போன்ற இந்திய எழுத்துகளுக்கு ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்று இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால், ‘பி.பி.ஓ. எண்’ என்று தமிழில் அடித்து அடுத்தாற்போல் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கும்போது ஒரே வரியில் இரண்டு அளவு தெரியும், வரி இடைவெளி கோணும். சரிசெய்ய: ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘லாங்வேஜஸ் அண்ட் லோகேல்ஸ்’, ‘ஜெனரல்’ போங்கள். ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ எதிரே தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில் ‘லோகேல்’ என்பதை ‘இங்கிலீஷ் (இந்தியா)’ ஆக்குங்கள். காரணம் வங்கிக் கணக்கு பகுதியில் வரும். பிறகு ‘லிப்ரேஆபிஸ் ரைட்டர்’ பிரிவில் ‘பேசிக் ஃபான்ட்ஸ் (சிடிஎல்)’ போய் நிர்மலா யுஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ், அளவு 12 என்று வையுங்கள். இது புதிய கோப்புகளுக்கு. ஏற்கெனவே இருக்கும் கோப்பில் எஃப்11 அழுத்தி ‘டிஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைல்’ மேல் வலது சொடுக்கு, ‘எடிட்’, ‘ஃபான்ட்’ என்று போனால் இரண்டு கணக்கும் அடுத்தடுத்துத் தெரியும்.

லதா ஃபான்ட் காணோம் என்றால் பதற வேண்டாம். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்ற கூடுதல் தொகுப்பில் இருக்கின்றன. செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்று தேடிச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது பழைய கோப்புகள். அரசு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களில் பாமினி என்று யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய ஃபான்ட்களில் அடித்தவை இன்னும் பல வீட்டு பென் டிரைவ்களில் உள்ளன. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்தான். இந்த ஃபான்ட்கள் தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஒளித்து வைப்பவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்திருந்தால் கணினியின் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த ஃபான்ட் இருக்கும் வரை ‘தமிழ்’ என்று தெரியும். இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகளும் அப்படியே பல்லிளிக்கும். வேர்டு ஆனாலும் லிப்ரேஆபிஸ் ஆனாலும் இதே கதைதான். பணம் கொடுத்து ஆபிஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்று நம்பி வாங்கி ஏமாறாதீர்கள்.

வழி இரண்டு. அந்த ஃபான்ட் கோப்பைத் தேடிக் கணினியில் போட்டால் படிக்கவும் பிரின்ட் எடுக்கவும் முடியும். திருத்தி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்றால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மாற்றிக்கு எது தமிழ், எது நிஜமான ஆங்கிலம் என்று தெரியாது. கடிதத்தின் நடுவே ஆங்கிலத்தில் இருக்கும் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கூடத் தமிழ்க் குப்பையாகிவிடும். அதனால் முழுக் கோப்பையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், தமிழ்ப் பத்திகளை மட்டும் நகலெடுத்து மாற்றி ஒட்டுங்கள். கட்டமும் தடித்த எழுத்தும் போய்விடும், மறுபடி போட வேண்டியதுதான். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

தட்டச்சு முறையும் முக்கியம். விண்டோஸ் செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்வேஜ்’ போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல் முறை இரண்டும் கிடைக்கும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். டைப்ரைட்டிங் ஹையர் முடித்து முப்பது வருடம் பழைய தட்டச்சு முறையில் ஓடிய விரல்களுக்கு இவை இரண்டும் புதுசு. அந்தக் கை வேகத்தை இழக்கத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பழைய தட்டச்சு முறையும் பாமினி முறையும் இருக்கின்றன. விரல் பழையபடி ஓடும், திரையில் யூனிகோடாக விழும். அரசுப் பணியில் தட்டச்சராக இருந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

தட்டச்சே வராதவர்களுக்குக் கூகுள் டாக்ஸ். குரோம் உலாவியில் திறந்து, ‘டூல்ஸ்’, ‘வாய்ஸ் டைப்பிங்’, மொழியில் ‘தமிழ் (இந்தியா)’, பிறகு மைக்கை அழுத்திப் பேசலாம். நிறுத்தற்குறிகளைக் கையால் போட வேண்டும், ஒற்றெழுத்துகளைச் சரிபார்க்க வேண்டும். மற்றபடி வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு ஒரே கோப்பை இருவரும் பார்த்துத் திருத்த இது நல்லது. இணையம் வேண்டும், 15 ஜிபி இலவச இடம் ஜிமெயிலுக்கும் போட்டோக்களுக்கும் சேர்த்துத்தான்.

வங்கிக் கணக்கும் டெபாசிட் பதிவேடும்

ஸ்டேட்மென்டை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) வடிவில் இறக்கித் திறந்தால், எக்செலுக்கு இணையான லிப்ரேஆபிஸ் கால்க் ஒரு கேள்விப் பெட்டியைக் காட்டும். அதை ஓகே கொடுத்துக் கடந்துவிடாதீர்கள். எழுத்துத்தொகுதி ‘யூனிகோட் (யுடிஎஃப்-8)’, பிரிப்பான் ‘கமா’ என்று இருக்கட்டும். கீழே முன்னோட்டத்தில் தேதி இருக்கும் நெடுவரிசையின் தலையைச் சொடுக்கி, ‘காலம் டைப்’ என்பதில் ‘டேட் (டிஎம்ஒய்)’ தேர்ந்தெடுங்கள். கணக்கு எண், காசோலை எண் வரிசைகளுக்கு ‘டெக்ஸ்ட்’.

இதை விட்டால் என்ன ஆகும்? கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 03/04/2025 என்ற ஏப்ரல் 3ஐ மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 12ஆம் தேதிக்கு மேல் இருப்பவற்றுக்குப் பதின்மூன்றாவது மாதம் இல்லை என்பதால் அவற்றைத் தேதியாகவே ஏற்காது. பாதித் தேதிகள் வலது ஓரத்திலும் பாதி இடது ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று அர்த்தம். தேதிவாரியாக வரிசைப்படுத்தினால் எல்லாம் கலைந்துவிடும். எண்களிலும் இப்படித்தான். 15 இலக்கத்துக்கு மேல் போனால் எக்செலும் கால்க்கும் கடைசி இலக்கங்களைப் பூச்சியமாக்கிவிடும், முன்னால் இருக்கும் பூச்சியங்களை விழுங்கிவிடும். ஒருமுறை சேமித்துவிட்டால் திரும்பி வராது. கூட்டல் பூச்சியம் காட்டினால், தொகைக்குப் பக்கத்தில் ‘சிஆர்’, ‘டிஆர்’ ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அந்தக் கட்டங்கள் எழுத்தாகத்தான் எண்ணப்படும்.

தொகை லட்சக் கணக்கில் காற்புள்ளியோடு வர, வரிசையைத் தேர்ந்து கன்ட்ரோல்+1 அழுத்தி, ‘ஃபார்மட் கோட்’ கட்டத்தில் #,##,##0.00 என்று அடியுங்கள். 1,25,000.00 என்று நம் முறையில் தெரியும்.

டெபாசிட் பதிவேட்டுக்கு ஏழு நெடுவரிசை போதும்: வங்கி, ரசீது எண், தொகை, வட்டி விகிதம், போட்ட தேதி, முதிர்வு தேதி, நியமனதாரர். முதிர்வு தேதிப்படி வரிசைப்படுத்தினால் அடுத்து எதைப் புதுப்பிக்க வேண்டும் என்பது மேலேயே நிற்கும். வங்கிவாரியாக வட்டியைக் கூட்டி வைத்தால் வரிக் கணக்குக்கு அலைய வேண்டாம்.

பணம் கட்ட வேண்டியவர்கள்

ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் மத்தியில் ஆண்டுதோறும் சுற்றும் வருமான வரி எக்செல் தாள்களில் பல, மேக்ரோ (தாளுக்குள்ளேயே எழுதிய சிறு நிரல்) வைத்து எழுதப்பட்டவை. அவை கால்க்கில் பாதி வேலை செய்து பாதியில் நிற்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எக்செலிலும் அந்த மேக்ரோக்கள் ஓடாது. சங்கப் பொறுப்பில் இருந்து இத்தகைய தாள்களை அன்றாடம் கையாள்பவர்களுக்கு நிஜ எக்செல்தான் வேண்டும். அவர்களும் சந்தாவைவிட ஒரே தடவை பணம் கட்டும் ஆபிஸ் ஹோம் 2024ஐப் பார்ப்பது நல்லது. வேர்டு, எக்செல், பவர்பாயின்ட், ஒன்நோட் ஒரு கணினிக்கு. 2029 அக்டோபர் வரை திருத்தங்கள் வரும். மைக்ரோசாஃப்ட் 365 பெர்சனல் சந்தா 2025இல் கோபைலட் என்ற ஏஐ உதவியாளரைச் சேர்த்தபின் வருடத்துக்கு ஏழாயிரம் ரூபாயை நெருங்கிவிட்டது. பத்து வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டாமல் விட்டால் கோப்புகள் அழியாது, ஆனால் படிக்க மட்டும்தான் முடியும். 15,000 ரூபாய்க்குள் உள்ள தானியங்கிச் சந்தாவுக்கு, முதல் முறை அனுமதி கொடுத்துவிட்டால் பிறகு ஓடிபி கேட்காமலே கார்டிலிருந்து பணம் போகும். முன்கூட்டி வரும் குறுஞ்செய்தியைப் பார்க்கத் தவறாதீர்கள்.

வீட்டில் மகனோ மகளோ 365 ஃபேமிலி திட்டம் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அதில் ஆறு பேர் வரை சேரலாம், ஆளுக்கு 1 டிபி தனி இடம், ஒருவர் கோப்பு இன்னொருவருக்குத் தெரியாது.

வேர்டு முகம்தான் வேண்டும், மேக்ரோ தேவையில்லை என்பவர்கள் ஒன்லிஆபிஸ் டெஸ்க்டாப்பை முயலலாம். இலவசம்தான், டாக்எக்ஸ் கோப்பு அதில் இடம் மாறாமல் நிற்கும். உங்கள் தமிழ்க் கடிதத்தை முதலில் அதில் திறந்து பாருங்கள்.

சில நூறு ரூபாய்க்கு ‘லைஃப்டைம் கீ’ என்று இணையத்தில் விற்பதைத் தொடவே வேண்டாம். பெரும்பாலும் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமத்திலிருந்து உருவியவை. ஒரு நாள் செயலிழக்கும், விற்றவர் பதில் சொல்ல மாட்டார். அசெம்பிள் செய்து தருபவர் சும்மாவே போட்டுத் தரும், உரிமமில்லாத கிராக் ஆபிஸ் அதைவிட மோசம். அதை ஆக்டிவேட் செய்ய ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். பென்ஷன் கணக்கின் நெட்பேங்கிங் பாஸ்வேர்டை அடிக்கப் போகும் கணினியில் காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு முன்பின் தெரியாதவரை உள்ளே விடுகிற வேலை அது.

பிறருக்கு அனுப்பும்போது

ஜெராக்ஸ் கடைக்கு டாக்எக்ஸ் கோப்பைக் கொண்டு போகாதீர்கள். அங்கே உங்கள் ஃபான்ட் இல்லாவிட்டால் ஒரு பக்கக் கடிதம் ஒன்றேகால் பக்கமாகி, கையெழுத்து இடம் மட்டும் அடுத்த தாளுக்குப் போய்விடும். ‘ஃபைல்’, ‘எக்ஸ்போர்ட் அஸ் பிடிஎஃப்’ கொடுத்து அந்தப் பிடிஎஃப்பை எடுத்துப் போங்கள். எதிராளி திருத்த வேண்டியிருந்தால் மட்டும் டாக்எக்ஸ்.

டெபாசிட் பதிவேட்டுக்குப் பாஸ்வேர்டு போடுவதாக இருந்தால் யோசித்துப் போடுங்கள். லிப்ரேஆபிஸில் மறந்த பாஸ்வேர்டை மீட்கும் வசதி கிடையாது. அதை ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடம் நோட்டு இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள். மாதம் ஒருமுறை, பென்ஷன் விழும் நாளிலேயே, மொத்த ஃபோல்டரையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, ‘இஜெக்ட்’ கொடுத்துப் பிடுங்கி, டெபாசிட் ரசீதுகள் இருக்கும் அதே பீரோவில் வையுங்கள்.